மைக் இசக்கியம்மாளும் மூளைப் படமும்

நெய்வேலிச் சுரங்கத்தில் இசக்கியம்மாளின் முகம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். குரல் தெரியாதவர்கள் யாரும் கிடையாது. இருபத்திரண்டு வருஷம் கன்ட்ரோல் ரூமில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள். எந்த மெஷின் எங்கே நகரும், எந்த கன்வேயர் எப்போது ஓடும், எது நிற்கும் என்பதெல்லாம் அவள் வாயிலிருந்து புறப்பட்டு, கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடக்கும் பெல்ட்டுகளின் ஓரத்து ஸ்பீக்கர்களில் போய் இறங்கும். "கவனிக்கவும். நாலாம் நம்பர் கன்வேயர் இன்னும் மூணு நிமிஷத்துல ஓடும். திருப்பிச் சொல்லுங்க."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளில்தான் அவள் உத்தியோகமே இருந்தது. உத்தரவு போனால், கேட்டவர் அதை அப்படியே வயர்லெஸ்ஸில் திருப்பிச் சொல்ல வேண்டும். "சரிக்கா", "கேட்டுச்சுக்கா" எல்லாம் செல்லாது. நம்பர் பிசகாமல், நிமிஷம் பிசகாமல் திருப்பிச் சொன்னால்தான் பெல்ட் ஓடும். பெல்ட்டை ஒட்டி ஆட்கள் வேலை செய்கிற இடம், உயிர் விஷயம். இன்ஜினியர் அவளிடம் ஒன்று சொன்னாலும் அவளும் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் மைக்கை அமுக்குவாள்.

வருஷக்கணக்கில் இதையே செய்தால் என்ன ஆகும்? வீட்டுக்கும் வந்துவிடும். கடைக்காரர் "கத்தரிக்கா அரைக்கிலோ, முருங்கை மூணு" என்றால், "கத்தரிக்கா அரைக்கிலோ, முருங்கை மூணு, சரி" என்பாள். ஐயர் மந்திரம் சொல்லி, "பூவைப் போடுங்கோ" என்றால், "பூவைப் போடணும், சரி" என்று சொல்லிவிட்டுத்தான் போடுவாள். மகள் மலர்விழி திருச்சியில் நர்சிங் படிக்கிறாள். அவள் போனில் "வச்சிடட்டுமா?" என்றால், "வச்சிடு, சரி" என்று சொல்லும்வரை வைக்கக் கூடாது.

கல்யாணமே இப்படித்தான் நடந்தது என்றால் நம்புவீர்களா? அவள் அப்பா நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். சர்வீஸில் இருக்கும்போதே இறந்துபோக, அந்த வேலை இருபத்திரண்டு வயசு இசக்கியம்மாளுக்குக் கிடைத்தது. சிவப்பிரகாசமோ முத்தாண்டிக்குப்பத்துக்காரர். பலா மரமும் முந்திரித் தோப்பும் உள்ள குடும்பம். சுரங்கத்தில் கான்ட்ராக்டில் பெல்ட் துடைக்கிற கேங்கில் இருந்தார், இன்றைக்கும் இருக்கிறார். "அடுத்த வருஷம் பெர்மனென்ட்" என்பதை அவர் சொல்லிக் கேட்காத தீபாவளி கிடையாது. அவள் முகத்தைப் பார்க்காமலே அந்தக் குரலில் விழுந்தவர். அவருடைய கேங்கில் வயர்லெஸ்ஸை வேறு யாரையும் தொட விடமாட்டார். மற்றவர்கள் உத்தரவை மட்டும் திருப்பிச் சொல்வார்கள், இவர் "ஆறாம் நம்பர் நிக்கிது, சரிங்க. சாப்ட்டீங்களாங்க?" என்பார். அவள் எரிந்து விழுவாள்: "வேலை விஷயம் மட்டும் பேசுங்க." எட்டு மாதம் எரிந்து விழுந்தாள். ஒன்பதாம் மாதம் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசினார்கள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதம் இசக்கியம்மாளுக்குத் தூக்கம் போனது. களைப்பே இல்லை, அதுதான் வினோதம். விடிவதற்குள் வீட்டுப் பாத்திரம் எல்லாவற்றையும் துலக்கி, பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்களின் பாத்திரத்தையும் கேட்டு வாங்கித் துலக்கினாள். ஐந்தாவது நாள் செகண்ட் ஷிப்டில் மைக்கை அமுக்கியவள் கையை எடுக்கவில்லை. "கவனிக்கவும். நாலாம் நம்பர் கன்வேயர் மூணு நிமிஷத்துல ஓடும், பெல்ட்டு கறுப்பு, கறுப்பு எனக்கு ஆகாது, ஆகாத நாளுல எங்கப்பா போனாரு, போன் பண்ணா யாரும் எடுக்கலை, எடுத்த எடுப்புல சொல்றேன் எல்லாரும் நல்லாருங்க..." இருபது நிமிஷம். சுரங்கம் முழுக்கக் கேட்டது. நல்ல வேளை, அப்போது ஷிப்ட் இன்ஜினியராக இருந்த கோபாலகிருஷ்ணன் உடனே பெல்ட்டுகளை நிறுத்தச் சொல்லிவிட்டார். பிறகு அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து மைக்கை வாங்கினார். திட்டவில்லை. "வாங்கம்மா, காத்தாட நிப்போம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை அவள் இன்றைக்கும் கும்பிடுகிறாள்.

டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். மனம் அளவுக்கு மீறி எழும்புகிற வியாதி. சர்க்கரை, பிரஷர் மாதிரி மாத்திரையும் மூணு மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனையும் போதும், கட்டுக்குள் இருக்கும் என்றார். இருந்தது. இரண்டே மாதத்தில் தூக்கம் வந்தது, பேச்சு நிதானத்துக்கு வந்தது. வேலைக்கும் திரும்பினாள். ஆனால் மைக்குக்கு இல்லை, ரெஜிஸ்டர் மேஜைக்கு. எந்த பெல்ட் எத்தனை மணிக்கு ஓடியது என்று எழுதுகிற வேலை. மைக் பத்தடி தூரத்தில் இருந்தது. அதில் வேறொருவர் பேசுவதைக் கேட்டு இவள் எழுதினாள்.

அது ஒரு வருத்தம். அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கொஞ்சம் சந்தோஷமாகப் பேசினால் போதும், எதிரே இருப்பவர் கண் மாறும். பக்கத்து வீட்டு வளைகாப்பில் இவள் ஒரு கதை சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தால், சிரித்து முடித்ததும் சிவப்பிரகாசம் மெல்ல வந்து காதோரம் கேட்பார்: "மாத்திர போட்டியா?" பாசத்தில்தான் கேட்டார், பாவம். ஆனால் அந்தக் கேள்வி வந்தால் அவளுக்கு வாயில் இருக்கும் லட்டு மண்ணாகிவிடும். நாளடைவில் தன் வார்த்தைகளைத் தானே எண்ண ஆரம்பித்தாள். ஒரு விஷயத்துக்கு மூன்று வாக்கியம், அதற்கு மேல் போனால் நிறுத்திக்கொள்வாள். மைக் இசக்கியம்மாளுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

இந்த வருஷம் மைக்கில் இருந்தவர் ஓய்வு பெறுகிற நாள் நெருங்கியது. கோபாலகிருஷ்ணன் இப்போது மேனேஜர். இசக்கியம்மாள் மனு எழுதிக் கொடுத்தாள். 'தொடர் சிகிச்சையில் நலமாக இருக்கிறார், எந்தப் பணியும் பார்க்கலாம்' என்று டாக்டர் கொடுத்த காகிதத்தையும் சேர்த்து வைத்தாள். மேனேஜர் இரண்டையும் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"எனக்கு உங்களைத் தெரியும்மா. ஆனா அந்த இருபது நிமிஷமும் தெரியும். கீழே நூறு பேர் நிக்கிறாங்க. கொஞ்சம் யோசிக்க விடுங்க. வர்ற திங்கட்கிழமை சொல்றேன்."

"திங்கக்கிழமை சொல்வீங்க, சரி சார்" என்று வெளியே வந்தாள்.

அந்த வாரம் ரத்தப் பரிசோதனைக்குப் போனபோதுதான் டாக்டர் இன்னொரு விஷயம் சொன்னார். புதுச்சேரிப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நடக்கிறதாம். மனநோய் வந்து குணமாகி இருப்பவர்களை ஸ்கேன் மெஷினுக்குள் படுக்க வைத்து, அவர்கள் வார்த்தைகளை யோசிக்கும்போதும் பேச்சைக் கேட்கும்போதும் மூளையில் எந்தெந்த இடம் வேலை செய்கிறது என்று படம் எடுக்கிறார்களாம். "விருப்பம் இருந்தா போங்க" என்றார்.

இசக்கியம்மாளுக்கு விருப்பமா! மூளையில் பேச்சு ஓடுகிற இடத்தையே படம் பிடிக்கிறார்கள் என்றால், அந்தப் படத்தை மேனேஜர் மேஜையில் வைத்துவிடலாமே! 'இந்தாங்க சார், பாத்துக்கிடுங்க, எல்லாம் சரியா ஓடுது.' நேராகப் போய் அவரிடம் சொல்லியும் வைத்துவிட்டாள்: "திங்கக்கிழமை வரும்போது மூளைப் படம் கொண்டாறேன் சார்."

புதன்கிழமை சிவப்பிரகாசம் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். ஆராய்ச்சி செய்கிற பெண்ணின் பெயர் சரிதா. முப்பது வயசு இருக்கும், கழுத்தில் அடையாள அட்டை, கையில் லேப்டாப். ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் விளக்கினாள். பிறகு, "அக்கா, நான் சொன்னதுல உங்களுக்கு என்ன புரிஞ்சுதுன்னு உங்க வாயால ஒருமுறை திருப்பிச் சொல்லுங்க. அப்புறம்தான் கையெழுத்து" என்றாள்.

இசக்கியம்மாள் அசந்துபோனாள். அடேயப்பா, இங்கேயும் நம்ம ஆள்! நிமிர்ந்து உட்கார்ந்து கடகடவென்று சொன்னாள்: "மெஷினுக்குள்ள முக்கால் மணி நேரம் அசையாமப் படுத்திருக்கணும். வேண்டாம்னு தோணுனா கையில இருக்க ரப்பர் பந்தை அமுக்கணும், உடனே வெளிய எடுத்துருவீங்க. இது ஆராய்ச்சிக்கு மட்டும். என் ஒருத்தி படத்தை வச்சு நான் நல்லா இருக்கேன்னோ இல்லன்னோ எழுதித் தர முடியாது. சரியா?"

"அப்படியே சொல்லிட்டீங்களே!"

சொன்னாள்தான். ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். ஆனால் மனசுக்குள், 'எடுத்த பிறகு கேட்டா குடுக்காமலா போயிருவா, நல்ல புள்ளையா இருக்கா' என்று ஓடியதை மட்டும் திருப்பிச் சொல்லவில்லை.

பிறகு உடம்பில் உள்ள உலோகத்தை எல்லாம் கழற்றும் படலம். கம்மல், மூக்குத்தி, வளையல், ஹேர்பின் நாலு, சேஃப்டி பின் ஏழு. "ஏழா?" என்று சரிதாவே வாயைப் பிளந்தாள். மெட்டி வர மறுத்தது, சோப்புப் போட்டு உருவ வேண்டியிருந்தது. தாலிச் சங்கிலியைக் கழற்றும் முன், வீட்டிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிப் போட்டுக்கொண்டாள். சங்கிலியைக் கைக்குட்டையில் முடிந்து கணவரிடம் நீட்டினாள். "பத்திரம். சட்டைப் பையில வைங்க. திருப்பிச் சொல்லுங்க."

"சட்டப் பையில வெச்சிகினேன், சரிங்க" என்றார் சிவப்பிரகாசம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய 'ங்க' அது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே நிறுத்திக்கொண்டாள்.

மெஷின் அவளைப் பயமுறுத்தவில்லை. தலையைச் சுற்றி ஒரு கூண்டு, கண்ணுக்கு மேல் ஒரு கண்ணாடி, அதில் திரை தெரிந்தது. காதில் ஹெட்போன். சத்தமோ சத்தம், டடடடடவென்று. ஆனால் பெல்ட்டை இழுக்கிற மோட்டார்கள் அலறும் டிரைவ் ஹெட் பக்கம் நின்று பழகியவளுக்கு அது ஒரு சத்தமா? 'பேரிங் நல்லாத்தான் இருக்கு' என்று நினைத்துக்கொண்டாள்.

"அக்கா, திரையில ஒரு எழுத்து வரும். அதுல ஆரம்பிக்கிற வார்த்தையா மனசுக்குள்ளயே சொல்லிட்டு வாங்க. வாய் அசையக் கூடாது. 'ஓய்வு'ன்னு வந்தா சும்மா இருங்க" என்றது சரிதாவின் குரல்.

திரையில் 'க' வந்தது. கரி, கன்வேயர், கடலூர், கம்மாபுரம், கத்தரிக்காய்... வார்த்தைகள் வரிசை கட்டி வந்தன. பிறகு 'ஓய்வு' என்று வந்தது. அடுத்து 'ப', மறுபடி 'ஓய்வு'. ஆறு நிமிஷத்தில் மெஷின் நின்றது.

"அக்கா, தலை ஆடுது. இங்க கம்ப்யூட்டர்ல கோடு நேராப் போகாம குதிக்குது. படம் எல்லாம் மங்கலா இருக்கு."

"நான் அசையவே இல்லியேம்மா."

"ஒவ்வொரு தடவை திரை மாறும்போதும் குதிக்குதுக்கா. என்ன பண்றீங்க அப்போ?"

இசக்கியம்மாள் யோசித்தாள். பிறகு கூண்டுக்குள்ளேயே முகம் சிவந்தது. "திரையில உத்தரவு வருதா? நான் திருப்பிச் சொல்றேன். 'ஓய்வு, சரி'ங்கேன். கூடவே தலையும் ஆடும்போல."

ஹெட்போனில் சரிதாவும் பக்கத்திலிருந்த டெக்னீஷியனும் அடக்க முடியாமல் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"ஏ, என்னத்துக்கு இப்படிக் கெடந்து சிரிக்கிய?" என்றாள் இசக்கியம்மாள். கோபம் வந்தால் நாங்குநேரி வந்துவிடும். "உத்தரவு வந்தா கேட்டவ திருப்பிச் சொல்லாண்டாமா? பொறவு எனக்குக் கேட்டுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கடைசியில் சரிதாதான் ஓர் ஏற்பாடு சொன்னாள். மெஷின் ஓடுவதற்கு முன் எல்லா உத்தரவையும் சொல்லிவிடுவாள், இசக்கியம்மாள் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிக்கொள்ளலாம். ஓட ஆரம்பித்தால் வாய் மூடியாக வேண்டும். இது நியாயமாகப் பட்டது. பெல்ட் ஓடும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது என்பது சுரங்கத்திலும் உண்டு.

இரண்டாம் தடவை முதல் எழுத்து 'ம'. முதலில் வந்த வார்த்தை மைக். அடுத்தது மாத்திரை. அதற்குப் பிறகு மெட்டி, மலர்விழி, மாசி என்று போனது. 'ஓய்வு' வந்தபோது உதடு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். பதிலில்லாமல் ஓர் உத்தரவை விட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கோடு நேராகப் போனது.

அடுத்தது பேச்சைக் கேட்கிற பரிசோதனை. ஹெட்போனில் வாக்கியங்கள் வரும். சில அர்த்தமுள்ளவை: 'அம்மா அடுப்பில் பால் காய்ச்சினாள்.' சில அபத்தம்: 'அம்மா அடுப்பில் சைக்கிள் காய்ச்சினாள்.' கேட்டுவிட்டு கையில் உள்ள பொத்தானை அமுக்க வேண்டும். வெளியே லேப்டாப்பில் பழகியபோது, அர்த்தம் இருந்தால் இடது, இல்லாவிட்டால் வலது என்று சொல்லியிருந்தார்கள். இப்போது ஹெட்போனில் முன்கூட்டியே பதிவு செய்த ஒரு குரல் வந்தது: "வாக்கியம் அர்த்தமுள்ளதாக இருந்தால் வலது பொத்தானை அழுத்தவும். இல்லையென்றால் இடது பொத்தானை அழுத்தவும்."

"அர்த்தம் இருந்தா வலது, இல்லன்னா..." என்று திருப்பிச் சொல்லிக்கொண்டு போனவள் பாதியில் நின்றாள்.

"சரிதாம்மா, மெஷினை ஓட்டாதீய."

"என்னாச்சுக்கா? பயமா இருக்கா?"

"பயம் என்ன பயம். வெளிய அர்த்தம் இருந்தா இடதுன்னு சொன்னீங்க, நானும் இடதுன்னு திருப்பிச் சொன்னேன். இப்ப இந்தக் குரல் வலதுங்குது. ரெண்டு உத்தரவு ஒண்ணுக்கொண்ணு முரணா வந்தா எது சரின்னு தெரியுற வரைக்கும் எதுவும் ஓடக் கூடாது. எங்க கன்ட்ரோல் ரூம்ல அதான் சட்டம்."

"அப்படி இருக்காதுக்கா, நீங்க மாத்திக் கேட்டிருப்பீங்க" என்றாள் சரிதா. இனிமையாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த இனிமை இசக்கியம்மாளுக்குப் பழக்கமானது. 'மாத்திர போட்டியா' என்பதன் தங்கச்சி அது. கண்ணில் நீர் முட்டியது. நாலு வருஷமாக அந்த இடத்தில் அவள் வாயை மூடிக்கொள்வாள். இன்றைக்கு மூடவில்லை.

"நான் மாத்திக் கேக்கலை. அந்தக் குரலை இன்னொரு தடவை போடுங்க. நீங்க கேட்டுட்டுத் திருப்பிச் சொல்லுங்க."

போட்டார்கள். ஹெட்போனில் காகிதம் புரட்டும் சத்தம், கீபோர்டு தட்டும் சத்தம், "ஐயோ" என்று ஒரு குரல். பிறகு கதவு திறந்தது. சரிதா நேரில் வந்து, படுக்கையை வெளியே இழுத்து, கூண்டைக் கழற்றினாள். முகம் வெளுத்திருந்தது.

"நீங்க சொன்னதுதான்க்கா சரி. போன மாசம்தான் புதுசா தமிழ்ல ரெக்கார்டு பண்ணோம். அதுல இடம் வலம் மாறிடுச்சு. அதுக்கப்புறம் ஆறு பேர் வந்துட்டுப் போயிருக்காங்க. அதுல நாலு பேருக்குப் பதில் எல்லாமே தலைகீழா வந்துச்சு." கையிலிருந்த காகிதத்தைக் காட்டினாள். "வியாதியால வாக்கியம் புரியலைன்னு எழுதி வச்சோம்."

"அவங்க காதுல விழுந்தபடிதான அமுக்குனாங்க?"

"ஆமாக்கா."

"ஒருத்தர்கூடக் கேக்கலியா?"

"கேக்கலை."

இசக்கியம்மாளுக்கு அந்த நாலு பேரின் முகம் தெரியாது. ஆனால் ஏன் கேட்கவில்லை என்று தெரியும். கேட்டால் என்ன பதில் வரும் என்று அவர்களுக்குப் பழகிப்போயிருக்கும். "அந்த நாலு பேரையும் கூப்பிட்டு, தப்பு உங்க மேல இல்லன்னு சொல்லணும். எனக்குச் சொன்ன மாதிரி நேர்ல சொல்லணும்" என்றாள்.

சரிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, யாரும் கேட்காமலே, "அந்த நாலு பேரையும் கூப்பிட்டு, தப்பு உங்க மேல இல்லன்னு நேர்ல சொல்றேன். சரிக்கா" என்றாள்.

பதிவைத் திருத்தி, மிச்சப் பரிசோதனையையும் முடித்தார்கள். அடுப்பில் சைக்கிள் காய்ச்சும்போது மட்டும் கோடு கொஞ்சம் குதித்தது; அதை மன்னித்துவிட்டார்கள். போகும்போது சரிதா அவள் மூளைப் படம் ஒன்றை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். வெள்ளையும் சாம்பலுமாக, உரித்த அக்ரூட் பருப்பைப் போல இருந்தது.

"இதுல கீழ ஓரமா ஒரு வரி எழுதித் தரக் கூடாதாம்மா? பேச்சு ஒழுங்கா இருக்குன்னு?"

"பொய் எழுத மாட்டேன்க்கா. ஒருத்தர் படத்துல அது தெரியாது. நாப்பது பேர், நூறு பேர்னு சேர்த்துப் பார்த்தாத்தான் ஏதோ ஒரு வித்தியாசம் லேசாத் தெரியும். உங்க பேச்சு ஒழுங்கா இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா அது இந்தப் படத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டது இல்ல."

காலையில் தானே திருப்பிச் சொன்ன விஷயம்தான். இப்போதுதான் உண்மையாகவே காதில் விழுந்தது. போச்சு, திங்கட்கிழமைக்குக் கையில் ஒன்றும் இல்லை.

கடலூரில் பஸ் மாறி ஜன்னலோரம் இடம் பிடித்தார்கள். சிவப்பிரகாசம் சங்கிலியை எடுத்துக் கொடுத்தார். "இன்னா ஆச்சு உள்ள? அந்தப் பொண்ணு அயுதுகினே வெளிய வந்துச்சு?" என்று கேட்டார். இசக்கியம்மாள் சொல்ல ஆரம்பித்தாள். தலை ஆடியது, சிரித்தது, சைக்கிள் காய்ச்சியது, இடது வலது, நாலு பேர்... கை கால் எல்லாம் பேசியது. முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சட்டென்று நின்றாள். மூன்று வாக்கியம் எப்போதோ தாண்டியிருந்தது.

"ரொம்பப் பேசிட்டேன்" என்றாள், கணவர் முகத்தைப் பார்க்காமல். "மாத்திரை காலையிலேயே போட்டுட்டேன்."

சிவப்பிரகாசம் அவள் பக்கம் திரும்பி, "அந்த நாலு பேரு சரியா அமுக்குனதத் தப்புன்னு எய்தி வெச்சாங்கன்னியே. நானும் அப்பிடித்தான் எய்திகினு இருந்தனா? நீ சிரிச்சா வியாதி, பேசுனா வியாதின்னு?" என்றார்.

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

"தப்புதான். பயந்துகினு கேட்டேன். எனக்கு அந்தக் கொரலு போயிடக் கூடாதுன்னு பயம், அதான்..." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "இனிமே கேக்க மாட்டேன். நீ தூங்கலன்னா மட்டும் கேப்பேன். சரியா? இப்ப சொல்லு, அந்த சைக்கிளு இன்னா ஆச்சு?"

குறிஞ்சிப்பாடி தாண்டி வடலூர் வரும்வரை பேசினாள். கண்டக்டர்கூட டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

திங்கட்கிழமை மேனேஜர் அறையில் கோபாலகிருஷ்ணன் முதலில் கேட்டதே அதைத்தான்: "ஏதோ மூளைப் படம் கொண்டு வர்றேன்னீங்களே?"

இசக்கியம்மாள் படத்தை மேஜையில் வைத்தாள். "இதுதான் சார். ஆனா நான் நல்லா இருக்கேன்னு இது சொல்லாது. தெரியாமச் சொல்லிட்டேன், மன்னிக்கணும். நீங்க அன்னைக்கு யோசிச்சது தப்பில்ல. மறுபடியும் வரவே வராதுன்னு நானும் சொல்ல மாட்டேன், டாக்டரும் சொல்ல மாட்டாரு. ஆனா அது எப்படி வரும்னு எனக்குத் தெரியும். மொதல்ல தூக்கம் போகும். அதனால ஒரு ஏற்பாடு சொல்றேன், கேளுங்க. ஒரு நாள் தூக்கம் சரியில்லன்னா ஷிப்டுக்கு முன்னாலேயே நானே உங்ககிட்ட வந்து சொல்வேன். அன்னைக்கு மைக் எனக்கு வேணாம், ரெஜிஸ்டர் எழுதுதேன். நான் சொல்ல மறந்தா என் வீட்டுக்காரர் போன் பண்ணுவாரு. மத்த நாள்ல நான் சத்தமாப் பேசினேன், சிரிச்சேன்னு யாரும் என்னை மைக்ல இருந்து எடுக்கக் கூடாது."

மூச்சு வாங்கியது. அதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் பழக்கம் விடுமா? வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"திருப்பிச் சொல்லுங்க சார்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. மேனேஜரைப் பார்த்து! நாக்கைக் கடித்துக்கொண்டாள். கோபாலகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றினார். அவரும் கன்ட்ரோல் ரூமில் வளர்ந்தவர்தான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு நாள் தூக்கம் சரியில்லைன்னா ஷிப்டுக்கு முன்னாடி நீங்களே வந்து சொல்வீங்க, அன்னைக்கு ரெஜிஸ்டர். நீங்க மறந்தா உங்க வீட்டுக்காரர் போன் பண்ணுவார். மத்த நாள்ல சிரிச்சதுக்கும் சத்தமாப் பேசினதுக்கும் மைக்ல இருந்து எடுக்கக் கூடாது." ஒரு வார்த்தை பிசகவில்லை. "சரியா?"

"சரி சார்" என்றாள்.

"ஒண்ணாந்தேதி ஃபர்ஸ்ட் ஷிப்ட். அதைத் திருப்பிச் சொல்லுங்க, பார்ப்போம்."

அவளால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மேனேஜர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார். அதற்குப் பிறகு சொன்னாள்.

ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு இசக்கியம்மாள் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். நாற்காலி உயரத்தைச் சரிசெய்தாள். முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருந்தாள், முழுசாக ஏழு மணி நேரம். பொத்தானை அமுக்கினாள்.

"கவனிக்கவும். நாலாம் நம்பர் கன்வேயர் இன்னும் மூணு நிமிஷத்துல ஓடும். திருப்பிச் சொல்லுங்க."

வயர்லெஸ்ஸில் கரகரவென்று ஒரு சத்தம். பின்னால் நாலைந்து பேர் "அக்கா! அக்கா வந்துட்டாங்கடா!" என்று கத்துவது கேட்டது. அதைத் தாண்டி ஒரு குரல் வந்தது. அன்றைக்கு அந்தக் குரலுக்கு செகண்ட் ஷிப்ட். யாரிடமோ கெஞ்சி மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

"நாலாம் நம்பர் கன்வேயர் மூணு நிமிஷத்துல ஓடும், சரிங்க. சாப்ட்டீங்களாங்க?"

கன்ட்ரோல் ரூமே திரும்பிப் பார்த்தது. இசக்கியம்மாள் விறைப்பாக உட்கார்ந்துகொண்டு, மறுபடி பொத்தானை அமுக்கினாள். அவள் சிரிப்பு சுரங்கம் முழுக்கக் கேட்டது.

"வேலை விஷயம் மட்டும் பேசுங்க."

"வேல விசயம் மட்டும்" என்று திருப்பிச் சொன்னார் சிவப்பிரகாசம். "சரிங்க."